மூலை வீடும் தூங்குமூஞ்சி மரமும்

அலுவலகத்தில் அவளுக்கு 'வளைவு மேடம்' என்று பெயர். அவள் முன்னால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முதுகைத் திருப்பியதும் சொல்லாமல் விடுவதும் இல்லை. வீட்டுமனைகளுக்கு வரைபடம் போடுவது அவள் வேலை. மரங்கள் அடர்ந்த ஒரு நிலத்தைக் கொடுத்து, "நேரா ரோடு போடும்மா" என்று முதலாளி சொன்னால், மரத்துக்கு மரம் வளைத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். கோபம் வேறு மூக்கு நுனியில். டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் மின்விசிறியின் கடகடப்பையும் மீறிக் கேட்டது அவள் குரல் ஒன்றுதான்.

அவள் பாடு திண்டாட்டம்தான். அலுவலகத்தில் மரப்பைத்தியம் என்றார்கள். மரங்களைக் காப்பாற்ற அக்கம்பக்கத்தார் கூட்டம் போட்டபோது வேலை மெனக்கெட்டுப் போய் உட்கார்ந்தால், கம்பெனி ஆள் என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். மனிதனுக்கு வீடும் வேண்டும், மரமும் வேண்டும் என்று சொன்னதற்கு ஆளாளுக்கு அடிக்க வந்தால் ஒருத்தி எங்கேதான் போவாள்?

அந்தக் கூட்டத்தையும் முதலாளியையும் சமாளித்துவிடலாம். அக்காவைச் சமாளிக்க முடியவில்லை.

அக்கா, அத்தான், வளர்ந்த இரண்டு பெண்கள், எல்லோரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டுதான் குளிக்க வேண்டும். புதிய மனையில் ஒரு வீடு ஊழியர் குடும்பத்துக்கு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். எந்த வீடு? மற்றவர்கள் வாங்கத் தயங்கும் மூலை வீடு. அக்காவுக்கு அது போதும். ஜன்னலுக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்பது வரை முடிவு செய்துவிட்டாள்.

அந்த மூலையில்தான் தூங்குமூஞ்சி மரம் நின்றது. நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம். மாலையானால் இலைகளை மூடிக்கொண்டு தூங்கும். பகலெல்லாம் அந்த மூலை முழுவதையும் குளிர வைக்கும். இன்ன அளவு மரங்களை விட்டுவைத்தால்தான் அனுமதி என்பது நகராட்சி விதி. முதலாளி ஓரத்து நோஞ்சான் மரங்களைக் காட்டினார். அவள் கேட்கவில்லை. இத்தனை பெரிய மரத்தை வெட்டிவிட்டு, குச்சிகளை எண்ணிக் கணக்குக் காட்டுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டு, வரைபடத்திலிருந்து மூலை வீட்டை எடுத்துவிட்டு மரத்தைக் காப்பாற்றினாள். அக்காவுக்கு வேறொரு வீட்டைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தாள்.

"வேற வீடா? நான் தந்தது மூலை வீடும்மா. அதை நீதானே அழிச்ச?" என்றார் முதலாளி, சிரிக்காமல்.

அன்று சாயங்காலம் அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"என் பொண்ணுங்களை விட உனக்கு மரம் பெருசாப் போச்சாடி?"

"அப்படி இல்லக்கா..."

"பின்ன எப்படி? கூடப்பிறந்தவ பண்ற வேலையா இது?"

அதோடு பேச்சு நின்றது. பெண்கள் மட்டும் தெருவில் பார்த்தால் "சித்தி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்கள். அவள் எத்தனையோ முறை அழுதாள். ஆனால் மரம் நிற்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அனுமதி வந்தது. விளம்பரப் பலகையில் வீடுகளைவிட மரம்தான் பெரிதாக இருந்தது. வேண்டாம் என்ற முதலாளியே வருகிறவர்களையெல்லாம் நிழலில் நிற்க வைத்து, "நாங்க இயற்கையை மதிக்கறவங்க" என்று பெருமையடித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் வேறு வேலையாக அங்கே போனாள். மரத்தைச் சுற்றிப் போட்டிருந்த வேலி அப்படியே இருந்தது. அதை ஒட்டினாற்போல் பொக்லைன் ஒன்று கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. பள்ளத்து ஓரத்தில் தொடைப் பருமனுக்கு வேர்கள் பிய்ந்து கிடந்தன. இந்தப் பக்கம் ஒரு பள்ளம், பின்பக்கம் இன்னொரு பள்ளம்.

"நிறுத்துப்பா! யாரு உன்னை இங்க தோண்டச் சொன்னது?"

ஓட்டுநர் பயந்து போய் இறங்கி வந்தார். "என்ன மேடம், நீங்க போட்ட கோடுதானே? ஒரு இஞ்ச் கூட நகரலையே. வேலியைக் கூடத் தொடல."

அவர் சொன்னது உண்மை. வரைபடத்தில் மரம் என்றால் அடிமரத்தின் அளவுக்கு ஒரு வட்டம். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள்; அவளும் அப்படித்தான் போட்டாள். குழாய்க் கோடு வட்டத்தைத் தொடவில்லை என்றதும் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. கிளை எவ்வளவு தூரம் போகிறதோ, வேரும் அவ்வளவு தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். திரையைப் பார்க்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

குழாயை மாற்றச் சொல்லித் தலைகீழாக நின்று பார்த்தாள். தண்ணீர் அந்தப் பக்கம்தான் வடியும், பாதிக் குழாய் இறக்கியாயிற்று என்றார் முதலாளி. அவளே லாரித் தண்ணீர் வரவழைத்து ஊற்றினாள். அடுத்த கோடையில் இலை கொட்டியது, திரும்ப வரவில்லை. பிறகு ஒரு கிளை முறிந்து யாரோ ஒருவருடைய புதுச் சுவரில் விழுந்தது. வீடு கட்ட அனுமதி தர இழுத்தடித்த அதே நகராட்சி, ஆபத்தான மரம் என்று வெட்ட அனுமதியைக் கையோடு எழுதிக் கொடுத்தது. வெட்டுவதற்குத்தான் எத்தனை சுறுசுறுப்பு!

"அப்புறம் என்ன? இடம் காலியாயிடுச்சு. மூலை வீட்டைத் திரும்பப் போடு. உங்கக்காவுக்கே குடுத்துடலாம்" என்றார் முதலாளி. நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

போட்டாள். வேண்டாம் என்று யாரிடம் சொல்வது? தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவு கண் முன்னால் வந்து நின்றது. வட்டத்தை அழித்துவிட்டு அங்கே சமையலறையை வரைந்தாள்.

அக்கா குடிவந்த அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பழைய பேச்சையெல்லாம் மறந்துவிட்டாள். பெண்கள் அறை அறையாக ஓடிக் கதவுகளைத் தாழிட்டுத் தாழிட்டுப் பார்த்தார்கள். அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷமே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

மத்தியானம் வெயில் ஏறியது. சுவரெல்லாம் கொதித்தது. அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன வெயிலுடி இது! வீட்டுக்குள்ள நிக்க முடியல. வாசல்ல ஒரு மரம் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

அவள் அக்காவையே பார்த்தாள். கிண்டல் இல்லை. அக்கா மனதாரத்தான் சொன்னாள்.

"நல்ல கன்னா ஒண்ணு கொண்டாந்து நீயே நட்டுக் குடேன். உனக்குத்தான் மரம்னா உசிராச்சே. எங்க வைக்கலாம், சொல்லு."

அவள் வாசலுக்கு வந்து நின்றாள். இடது பக்கம் கழிவுநீர்க் குழாய். வலது பக்கம் மின்சாரக் கேபிள். தெருவை ஒட்டிக் குடிநீர்க் குழாய். பின்பக்கம் மழைநீர் வடிகால். எல்லாம் மண்ணுக்கு அடியில் எங்கெங்கே ஓடுகின்றன என்று மேஸ்திரிக்குக்கூடத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஒரு வேர் கை நீட்டும் அளவுக்காவது இடம் இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றி நடந்தாள்.

"என்னடி தேடுற?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

அவள் இன்னொரு முறை சுற்றி வந்தாள்.