உள்பக்கத் தாழ்ப்பாள்

பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த அவளை அந்த வட்டாரமே பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டது. சரியான முன்கோபி. பேரம் பேசுகிறவர்களை, "அப்ப கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குங்க" என்று அனுப்பிவிடுவாள். கூடவே கடையைப் பார்த்துக்கொண்ட அண்ணன்தான் பின்னால் ஓடிப்போய் அவர்களைத் தாஜா பண்ணிக் கூட்டி வருவான். அண்ணனுக்கு ஒரே கொள்கை: நாலு வீட்டுக்குள் போய்வருகிற தொழில், கண்ணில் பட்டதை வெளியே சொல்லக் கூடாது. அந்த மாடி வீட்டுக்குப் போகும்வரை அக்காவும் அதை மீறியதில்லை.

படுக்கையறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தான் அந்த வீட்டுக்காரன்.

"வெளியவா? உள்ள இருக்கறவங்க எப்படி வருவாங்க?"

"என் மனைவிக்குத் தூக்கத்துல நடக்குற பழக்கம்க்கா. படியில விழுந்து வெச்சா? அவ நல்லதுக்குத்தான்." பேச்சில் தேன் ஒழுகியது.

"எவ்வளவு நாளா இப்படிம்மா?" என்று அக்கா மனைவியைக் கேட்டாள். அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். பதிலை அவன் சொன்னான்.

அக்கா கதவைப் பார்த்தாள். உள்பக்கம் இருந்த சின்னத் தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்து, நிலைச்சட்டம் சிலும்பியிருந்தது. வெளிப்பக்கம் முழங்கால் உயரத்தில் செருப்புத் தடம். உள்ளே தாழ் போட்டு ஒளிந்தவளை உதைத்துத் திறந்திருக்கிறான் பாவி. அவனை அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். கேட்டால் அடி வாங்கப்போவது அந்தப் பெண் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தாழ்ப்பாள் பொருத்தும்போது ஒருவர் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிப்பதும், இன்னொருவர் உள்ளே நின்று இடுக்குப் பார்ப்பதும் தொழில் வழக்கம்.

"சார், நீங்க பலசாலி, வெளிய நின்னு பிடிங்க. துளையை உள்ள இருந்துதான் போடணும். தங்கச்சி என்கூட உள்ள வரட்டும்."

அவனும் பெருமையோடு பிடித்துக்கொண்டான். அக்கா உள்ளே நின்று ட்ரில்லை ஓடவிட்டு, அந்த இரைச்சலில் அவள் காதருகே குனிந்தாள்.

"கை நீட்டுறானா?"

"போன வாரம் கழுத்தை நெரிச்சாரு. போனையும் பிடுங்கிட்டாரு. இனிமே பூட்டித்தான் வெப்பாராம்."

"போலீசுக்குச் சொல்லவா? நீ சரின்னாதான் சொல்வேன்."

ட்ரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கதவையே பார்த்தாள். பிறகு, "சொல்லுங்க" என்றாள்.

போலீசைக் கூட்டி வா, பெண் போலீசும் வேண்டும் என்று அண்ணனுக்குச் செய்தி போட்டாள். நமக்கேன் ஊர் வம்பு என்று பதில் வந்தது. 'நாளைக்கு இவ செத்தா நீ வந்து பதில் சொல்வியா?' என்று அடித்தாள். அதற்கப்புறம், கிளம்பிட்டேன் என்று மட்டும் வந்தது.

அக்கா பையிலிருந்த கனத்த தாழ்ப்பாளை எடுத்தாள். நீளமான திருகாணிகளால் அதை உள்பக்கம் முடுக்கினாள்.

"எவ்வளவு நேரம்க்கா?" என்றான் வெளியே.

"முடிஞ்சுது சார்." தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"ஏய், எந்தப் பக்கம் போட்ட?"

"போட வேண்டிய பக்கம்."

உதை விழுந்தது. கதவு அதிர்ந்ததே தவிர அசையவில்லை. "வெளிய வா, உன் கடையையே இல்லாம ஆக்கிடறேன்" என்று கத்தினான். அக்கா குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

"நல்லா உதை. நான் போட்ட தாழ்ப்பாள். உன் காலுதான் உடையும். கடைக்கும் வா, வந்து பாரு."

உதைத்து உதைத்து ஓய்ந்தான். கீழே வண்டிச் சத்தம், படியில் காலடிகள், ஏதோ வாக்குவாதம். பிறகு கதவில் மெதுவாக ஒரு தட்டல். "போலீஸ்மா, தொறங்க" என்றது ஒரு பெண் குரல்.

அக்கா தாழ்ப்பாளில் கை வைத்தாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரு எங்க நிக்கிறாரு?" என்று கதவைப் பார்த்து உரக்கக் கேட்டாள்.

"கீழ, எங்க வண்டியில உக்காத்தி வெச்சிருக்கோம்மா."

"மேல வர மாட்டாரே?"

"வர விட மாட்டோம்."

அதன் பிறகு அவளே திறந்தாள்.