தட்டினால் வரும் டால்பின்

மாலை நான்கு மணிக்கு என் மகள் ஸ்டெல்லா எங்கள் தாமுவே பேட்டைத் திருவிழாவில் டால்பின் தொட்டிக்குள் இறங்கினாள். லான்மடாவ் தெருவிலிருந்த தன் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, ‘கோ’ என்று பர்மிய மரியாதையோடு எல்லோரும் அழைக்கும் ராமையா ஐராவதி ஆற்றிலிருந்து ஒரு டால்பினைக் கொண்டுவந்து, காசு வாங்கிப் பிள்ளைகளை அதோடு நீந்தவிட்டார். திரும்பக்கூட இடமில்லாத டால்பின் வாலை வீசியதில் ஸ்டெல்லாவின் கை முறிந்தது. அவளை அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றேன்.

“அதுக்கு வலிக்கணும். பார்த்துட்டுத்தான் போவேன்” என்றேன் ராமையாவிடம்.

“இவ்வளவுதானா அக்கா?” என்று சிரித்தார் ராமையா. மூங்கில் கழியால் தொட்டி விளிம்பைத் தட்டினார்.

ஐராவதி மீனவர்கள் படகைத் தட்டினால் டால்பின்கள் மீன்களை வலைப்பக்கம் விரட்டி வரும். தங்கள் பங்கையும் தின்னும். அந்தப் பழக்கத்தில் இதுவும் வந்து தலையைத் தூக்கியது. அந்தத் தலையிலேயே ஓங்கி அடித்தார். மறுபடி தட்டினார். மறுபடியும் வந்தது.

கழியைப் பிடுங்கி, கை ஓயும்வரை அவரை அடித்தேன். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

கடைசியில் போலீஸ்காரர் வந்தார். கூட்டத்தினர் நடந்ததையெல்லாம் சொன்னார்கள். அவர் என்னிடம் பர்மியத்தில் நிதானமாகக் கேட்டார்:

“மீனை அடிச்சதை யார் மேலம்மா கேஸ் எழுதறது? அடிச்சவர் மேலயா, அடிக்கச் சொன்ன உங்க மேலயா?”