ஒன்பது குழி, ஒரே பந்து

மருதையனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மலேயாவிலிருந்து ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. இந்த ஆறு மாதத்தில் ஒரே இடத்தில் அவர் கால் மணி நேரம் இருந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் கிடையாது. சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். "இந்த மனுசன் கால்ல சக்கரத்தக் கட்டிவிட்டவன் யாருன்னு தெரிஞ்சா நாலு கேள்வி கேப்பேன்" என்பாள் அவர் மனைவி அம்சம். சக்கரமாவது ஒன்றாவது! அறுபத்தொரு வயதில் அவரைப் பிடித்து ஆட்டியது ஒரு ஆசை.

கோல்ஃப் விளையாட வேண்டும் என்ற ஆசை. ஆமாம், கோல்ஃப்தான். பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் நடந்தால் வருகிற ஊரில், கீழத்தெருவில், கோரைப்பாயில் படுத்துக்கொண்டு ஒருவர் கோல்ஃப் ஆட ஆசைப்படக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

பதினாறு வயதில் கப்பலேறியவர். ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரைமார் கிளப்பில், மட்டைப் பை தூக்குகிற வேலை. பிறகு புல் வெட்டினார், குழி வெட்டினார், கொடி நட்டார். நாற்பத்தைந்து வருஷம். அந்த விளையாட்டில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு குழி. பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய் அதில் விழவைக்க வேண்டும். எத்தனை குறைந்த அடியில் விழுகிறதோ அத்தனை கெட்டிக்காரன். இப்படி ஒன்பது குழி முடித்தால் ஒரு ஆட்டம். ஆடத் தெரியாத துரைகள்கூடத் தட்டுத்தடுமாறி ஒன்பதையும் முடித்துவிட்டு வந்து நிற்பார்கள். மருதையன்? கொட்டகைக்குப் பின்னால், ஆள் இல்லாத நேரத்தில், நாலு அடி அடித்துப் பார்ப்பார். காலடிச் சத்தம் கேட்டால் மட்டையைத் துடைக்கிற மாதிரி நிற்பார். முதல் குழியிலிருந்து ஒன்பதாவது குழி வரைக்கும் ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம், வாழ்நாளில் ஆடியது கிடையாது. வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அந்த ஊர் சர்க்கார் சொன்னபோது, மேனேஜர் துரை ஒரு பழைய பையையும் ஐந்து மட்டைகளையும் ஒரு டஜன் பந்துகளையும் கொடுத்து அனுப்பினார்.

சித்திரைக் கடைசியில் உளுந்தும் பயறும் எடுத்து முடித்ததும் வயலெல்லாம் வெறுமனே கிடந்தது. மேட்டூரில் தண்ணீர் திறக்கிற வரைக்கும் மாடு மேயும், வாத்து மேயும், யாரும் யாரையும் கேட்பதில்லை. மருதையன் ஒன்பது பால் டப்பாக்களை மண்ணில் புதைத்தார். எட்டை வயலில்; ஒன்பதாவதை, கீழத்தெருக் குடிசைகள் இருக்கிற மேட்டுத் திடலின் ஓரத்தில். எல்லாம் மிராசுதார் சிங்காரவேலுவின் நிலம்.

குழிக்குக் கொடி வேண்டும், இல்லாவிட்டால் இருநூறு கஜத்துக்கு அப்பாலிருந்து எங்கே தெரியும்? முதலில் பழைய வேட்டியைக் கிழித்து வெள்ளைக் கொடி நட்டார். மாட்டோடு மேய்கிற கொக்குக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குறிபார்த்து அடித்து முடித்த பிறகு கொடி எழுந்து பறந்துபோனால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? சீ என்று ஆகிவிட்டது. கிளப்பில் வைத்திருந்த மாதிரியே சிவப்புத் துணி வாங்கி, ஒன்பது மூங்கில் குச்சியில் கட்டி நட்டுவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. அந்த வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு வயலில் சிவப்புத் துணி பறந்தால் என்ன அர்த்தம் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆட்சி மாறி மூன்று வருஷம் முடிந்திருந்தது. நில உச்சவரம்பு முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைந்திருந்தது. மிராசுதார்கள், சிங்காரவேலு உட்பட, மாமன் பேரிலும் மச்சான் பேரிலும் நிலத்தைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் உபரி நிலம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். செங்கொடி நட்ட வயல் என்றால் சங்கம் கைவைத்த வயல். கடல் தாண்டி இருந்துவிட்டு வந்த மனுஷருக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லை. குழி இருக்கிற இடம் தெரிந்தால் சரி என்று விட்டுவிட்டார்.

அவருடைய கவலை வேறு. ஒரே பந்தில் ஒன்பதையும் முடிக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பந்து தொலைந்தால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் முதல் குழியிலிருந்து. வைகாசி மாதம் முழுக்க இதே பாடு. ஒரு நாள் மூன்றாவது குழியில், அழகாக உருண்டுபோன பந்து எலி வளைக்குள் இறங்கிவிட்டது. கை விட்டுத் துழாவினார், எலிதான் வெளியே வந்தது. ஒரு நாள் முட்டை என்று நினைத்துக் காக்கை கவ்விக்கொண்டு போனது. "ஏ நாசமாப் போற காக்கா, அது வேவாது!" என்று வரப்பு வரப்பாக ஓடினார். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வயலில் இரண்டு பந்து பாதாளத்துக்கே போய்விட்டது. நல்லபடியாக ஏழாவது குழி வரை வந்த ஒரு நாள், வழியில் இருநூறு ஆடு கிடை போட்டிருந்தது. ஆடுகளுக்கு நடுவே புகுந்த பந்தைத் தேடி எடுத்தார். எடுத்தது பந்து இல்லை என்று கையில் பிசுபிசுத்த பிறகு தெரிந்தது.

முட்டி வலிக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், கோபம் கோபமாக வரும். ஆனால் பத்து அடிக்கு ஒரு அடி, மட்டையின் நடு வயிற்றில் பந்து பட்டு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே! கையில் அதிர்வே இருக்காது. பந்து காவேரிக் காற்றில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். விழுந்த இடம் வரைக்கும் காலடியை எண்ணி, துரைமார் மாதிரியே ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அந்த ஒரு நிமிஷத்துக்காக மறுநாளும் போவார். "துரைமாருக்குப் புடிச்ச பைத்தியம், அவங்க கப்பலேறுன பொறவு ஒங்களப் புடிச்சிருக்கு" என்று அம்சம் திட்டுவாள். திட்டிக்கொண்டே தூக்குவாளியில் நீராகாரத்தை ஊற்றிக்கொண்டு பின்னால் வருவாள்.

தண்ணீர் திறக்கப் பத்து நாள் இருந்தபோது ரெங்கம்மாள் வந்தாள். திடலில் குடிசை போட்டிருக்கிற எட்டுக் குடும்பத்தில் ஒருத்தி, மருதையனுக்குத் தங்கை முறை. போன அறுவடையில் கூலி கூடக் கேட்ட தகராறில், பதினைந்து நாளில் திடலைக் காலி பண்ண வேண்டும் என்று மிராசுதார் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, எங்க திடலும் உங்க அளவையில வருதுல்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்ன அளவ?"

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பந்த அடிக்கிறீங்க, அது விழுற எடம் வரைக்கும் காலடிய எண்ணுறீங்க, நோட்டுல எழுதிக்கிறீங்க. சங்கிலி புடிக்க ஆளு வேணாம், சத்தமில்லாம வேல முடியுது. மலேயாவுல இப்படித்தான் அளப்பாங்களாமே?"

மருதையனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "ஐயோ, இது வெளயாட்டு ரெங்கம்மா. சத்தியமா வெளயாட்டு" என்றார்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு போலருக்கு. நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் விளையாட்டு, விளையாட்டு என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. அறுபத்தொரு வயது ஆள் வெயிலில் குச்சியோடு விளையாடுவானா? பேச்சு மிராசுதார் வீடு வரைக்கும் போய்விட்டது. விட்டுத் தொலைக்கலாம் என்று பார்த்தால் மனசு கேட்கவில்லை. தண்ணீர் வந்தால் உழுதுவிடுவார்கள்; அடுத்த கோடைக்கு இந்த முட்டி இருக்குமோ இருக்காதோ. கைவசம் இருந்ததும் கடைசிப் பந்து.

மிராசுதார் வைத்த கெடுவுக்கு முந்தின நாள் விடிந்தபோது காற்று அடங்கிக் கிடந்தது. முதல் குழி ஐந்து அடி. இரண்டாவது நான்கு. எலி வரவில்லை, காக்கை வரவில்லை, ஆட்டுக்கிடையை அடுத்த ஊருக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். ஆறாவது குழியில் அடித்த அடி வாய்க்காலைத் தாண்டிக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. எட்டாவதும் முடிந்தது. அதே பந்து! ஒன்பதாவதுக்கு மூன்று அடி அடித்துத் திடலோரம் வந்துவிட்டார். நாலாவதாகத் தள்ளிய தள்ளில் பந்து நிதானமாக உருண்டு, குழிக்கு இரண்டு சாண் தள்ளி நின்றது.

இரண்டே சாண். நிமிர்ந்து பார்த்தார். திடல் முழுக்க ஆட்கள். ரெங்கம்மாளும் எட்டுக் குடும்பமும் குடிசை வாசல்களில். வாய்க்கால் கரையில் தூக்குவாளியோடு அம்சம். எதிரே குடை பிடித்துக்கொண்டு மிராசுதார் சிங்காரவேலு. பக்கத்தில் அவருடைய காரியக்காரர் கோவிந்தராசு.

"நாலு நாளா ஒளிஞ்சிருந்து பாத்துட்டேங்கய்யா" என்றார் கோவிந்தராசு. "இது அளவையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கோலிக்குண்டு மாதிரி குழியில தள்ளுறான். விழுந்துச்சுன்னா குதிக்கிறான். அளக்குறவன் எதுக்குக் குதிக்கணும்? இப்பப் பாருங்க, தள்ளுவான்."

மிராசுதார் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் இரண்டு எட்டு முன்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "மருதையன், உள்ளதச் சொல்லுங்க. இது வெளயாட்டா?"

சொல்லுங்க! அந்த வீட்டார் வாயிலிருந்து மருதையனுக்கோ அவர் அப்பனுக்கோ தாத்தனுக்கோ இப்படி ஒரு 'ங்க' விழுந்தது கிடையாது. போன மாதம்கூட 'ஏண்டா மலேயா' தான்.

மருதையன் பந்தைப் பார்த்தார். தள்ளினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் விழும். நாற்பத்தைந்து வருஷம் அடுத்தவன் பந்து விழுவதையே பார்த்த கண்ணுக்கு முன்னால் தன் பந்து கிடக்கிறது. கை மட்டையை இறுக்கிப் பிடித்தது. தள்ளினால் கோவிந்தராசு சிரிப்பார், மிராசுதார் சிரிப்பார், நாளைக்குக் காலையில் எட்டுக் குடிசையையும் பிரித்துப் போடுவார்கள். ரெங்கம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் சந்தேகமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மருதையன் குனிந்தார். மட்டையைக் கீழே வைத்தார். பந்திலிருந்து குழி வரைக்கும் கையை விரித்து ஒரு சாண், இன்னொரு சாண் என்று நிதானமாக அளந்தார். நோட்டை எடுத்து எழுதினார். பிறகு பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோவிந்தராசுவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மிராசுதார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சாண் கணக்கில் அளக்கிறவன் ஏக்கரை விடுவானா?

"இந்தத் திடல நானா குடுத்துடுறேன்" என்றார். "இருக்குறவங்களே இருந்துக்கட்டும். கர்ணத்த வரச்சொல்லி இப்பவே கையெழுத்துப் போடுறேன். வயல்ல இருக்குற கொடிய மட்டும் எடுத்துடுங்க. அந்த நோட்ட யாருகிட்டயும் குடுக்காதீங்க."

உச்சிப் பொழுதுக்குள் கர்ணம் வந்து எழுதி, சாட்சி ரேகை வைத்து, எல்லாம் முடிந்தது. ரெங்கம்மாள் குலவை போட்டாள். மருதையன் ஒன்பது கொடியையும் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சந்தோஷம்தான், எட்டுக் குடும்பம் தப்பித்தது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் மனசு ஆறவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"எட்டு முடிச்சிட்டேன் அம்சம். ஒரே பந்து. ஒம்பதாவதுல ரெண்டு சாண்."

"பாத்தேன்" என்றாள் அம்சம், சோற்றை வடித்துக்கொண்டே.

"ரெண்டு சாண்! கொழந்த தள்ளுனாக்கூட விழும். இனிமே எங்க? பந்தும் ஒண்ணுதான் இருக்கு, எடமும் போச்சு, காலும் போச்சு."

"அது விழாம எங்க போயிருக்கும்? விழுந்ததா வச்சுக்குங்க. கையக் கழுவிட்டு வாங்க."

மருதையன் நடையை நிறுத்தினார். கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்கு மிக அருகில் வந்துவிட்டால், தள்ள வேண்டாம், விழுந்த மாதிரிதான், எடுத்துக்கொள் என்று எதிராளி சொல்லிவிடலாம். சொன்னால் அது விழுந்ததாகவே கணக்கு. தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் செல்லாது. எதிராளி வாயிலிருந்து வர வேண்டும். அம்சத்துக்கு இதெல்லாம் தெரியாது. இந்த ஆட்டத்தை முதல் நாளிலிருந்து வாய் ஓயாமல் திட்டியவள் அவள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரு பேச்சையும் எடுத்த எடுப்பில் ஒப்புக்கொண்டவள் இல்லை. இவளைவிடப் பெரிய எதிராளி அவருக்கு யார் இருக்கிறார்கள்?

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"எத?"

"அதான். விழுந்துச்சுன்னு."

அம்சம் திரும்பிப் பார்த்தாள். மனுஷருக்குக் கண் கலங்கியிருந்தது. வழக்கமாக வருகிற வசவு அவள் வாயில் வரவில்லை.

"விழுந்துச்சுங்க" என்றாள். "நான்தான் பாத்தேனே."