மாமனாருக்கு ஏற்ற மரம்

இன்னொருவருக்கு எவ்வளவு போதும் என்று ஒருவர் சொல்லிவிட முடியுமா? முடியாது என்றுதான் தையல்காரர் நினைத்திருந்தார். அவருடைய தொழில் அப்படி. எந்தச் சட்டையைத் தைத்தாலும் ஓரத்தில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விடுவார். நாளைக்கே அந்த ஆளுக்குத் தொப்பை போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். மனிதன் மாறுவான் என்பதற்கு அவர் தரும் மரியாதை அந்த இரண்டு விரல் துணி.

அவர் மனைவி அப்படி யாருக்கும் எதையும் மடித்து விட்டதில்லை. தையல் கடையை ஒட்டிய அடுத்த கடையில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களை விற்றாள், பழுதும் பார்த்தாள். தெருவில் எல்லாருக்கும் அவள் மெஷின் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். நல்லவள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் வெட்டுவாள். தான் சொன்னது சரியாகிவிட்டால் அதை மூன்று நாள் சொல்லிக்காட்டுவாள். யாராவது பாராட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணெய் டப்பாவைத் தேடுவாள். ஆனால் அவள் கடையில் வாங்கிய மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தவர் யாரும் இல்லை. இதைத் தையல்காரரே ஒப்புக்கொள்வார், அவள் காதில் விழாத தூரத்தில் இருந்தால்.

கடை வாசலில் நான்கு மரக்கட்டைகள் வரிசையாகக் கிடக்கும். முதலாவது மணிக்கட்டு கனமுள்ள கிளைத் துண்டு. அதில் உட்காருவது கம்பத்தின் மேல் கோழி உட்காருகிற மாதிரி. இரண்டாவது தொடை கனம். மூன்றாவதில் ஒருவர் தாராளமாக உட்காரலாம். நான்காவதில் சம்மணமே போடலாம். மெஷின் கேட்டு வருகிறவர் முதலில் இவற்றில் ஒன்றில் உட்கார வேண்டும். அதுதான் கடையின் சட்டம்.

"எவ்ளோ பெரிய மரம்னு கையால காட்டாதீங்க. கை பொய் சொல்லும். உங்க மரம் எந்தக் கட்டை மாதிரி இருக்குமோ அதுல உக்காருங்க" என்பாள்.

கையை விரித்துக் காட்டும்போது எல்லார் வீட்டு மரமும் யானைக்கால் ஆகிவிடும். கட்டையில் உட்காரும்போது மட்டும் ஏனோ மனிதர்கள் உண்மையைச் சொன்னார்கள். ஆள் எங்கே உட்கார்ந்தாரோ அதைவிட இரண்டு மூன்று அங்குலம் நீளமான இரும்புப் பட்டை உள்ள மெஷினை எடுத்துக் கொடுப்பாள். அந்தப் பட்டையைச் சுற்றித்தான் சங்கிலி ஓடும். வேலியில் கிளை கழிக்கிறவருக்குப் பத்து அங்குலம். விறகு அறுக்கிறவருக்குப் பதினாலு. நிற்கிற மரத்தைச் சாய்க்கிறவருக்குப் பதினெட்டு, இருபது. அதற்குமேல் கேட்டால், "எதுக்கு? மரத்தை வெட்டவா, ஊருக்குக் காட்டவா?" என்று கேட்பாள். கேள்வி பிடிக்காமல் எழுந்து போனவர்களும் உண்டு.

இப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு மெஷின் விற்காமல் நின்றுவிட்டது. முப்பத்தாறு அங்குலப் பட்டை. கடை நடுவில், வெளிச்சம் விழுகிற நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தது. தையல்காரர் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்தார்.

"நடு வீட்டுல உக்காந்திருக்கார். ஒரு வேலை கிடையாது. தினம் தொடச்சு, எண்ணெய் போட்டு மரியாதை மட்டும் பண்ணணும். மாமனார் இல்லாம வேற யாரு?"

அவர் சொன்னது அவளுடைய அப்பாவை. அவளுக்கும் அந்தப் பெயர் உடனே பிடித்துப்போய்விட்டது. அவள் நினைத்துக்கொண்டது அவருடைய அப்பாவை. இந்த விஷயத்தில் இருவருக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

மெஷின் கம்பெனியிலிருந்து ஏஜெண்ட் ஒருவர் அவ்வப்போது வருவார். அந்த முறை வந்தவர் மாமனாரைப் பார்த்ததும் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"அக்கா, இது இன்னும் இங்கதான் இருக்கா? மேல கேக்குறாங்க. பெரிய மெஷின் விக்கத் தெரியாத கடைக்கு எதுக்கு ஏஜென்சின்னு. அடுத்த தடவை நான் வர்றப்ப இது இங்க இருந்துச்சுன்னா, வாசல்ல இருக்கிற கம்பெனி போர்டைக் கழட்டி அந்த ரவுண்டானா பக்கத்துக் கடைக்குக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும். அவன் குழந்தைக்குக்கூட இருபது அங்குலம் விப்பான்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் போய் எண்ணெய் டப்பாவைத் தேடினாள். டப்பா அவள் கையிலேயே இருந்தது. தையல்காரர் அதைக் கவனித்தார். அந்த போர்டு போனால் அவள் என்ன ஆவாள் என்று அவருக்குத் தெரியும். பகலெல்லாம் அவருடைய தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காலர் எப்படி வைக்க வேண்டும் என்று அவருக்கே சொல்லிக் கொடுப்பாள். அவருக்கு இரண்டு வகையிலும் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் பூங்காவில் ஒரு மெஷின் மக்கர் செய்கிறது என்று ஆள் வந்து அழைக்க, அக்கா கடையைக் கணவரிடம் விட்டுப் போனாள். அவள் முனை திரும்பியதும் பேக்கரிக்காரர் வந்தார். மாவு படிந்த கை, மாவு படிந்த புருவம். அவருடைய அடுப்பு விறகு அடுப்பு. அதுவரை கோடாலியால் சமாளித்து வந்தவர்.

"அக்கா இல்லையே?" என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். "அப்பாடா. அண்ணே, அந்தப் பெருசைக் குடுங்க."

"பெருசா? விறகுக்கா?"

"விறகு இருக்கட்டும்ணே. என் மச்சான் ஒருத்தன் இருக்கான். இருபது அங்குலம் வெச்சிருக்கான். வர்றப்பல்லாம் நான் கோடாலி புடிக்கிறதைப் பாத்து, 'மாமா, இன்னும் பல்லாலதான் கடிக்கிறீங்களா?'ங்கிறான். ஞாயித்துக்கிழமை வர்றான்."

தையல்காரர் வாசலில் கிடந்த கட்டைகளைப் பார்த்தார். பேக்கரிக்காரரை உட்காரச் சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டாவது கட்டையில் உட்காருவார். உட்கார்ந்தால் மாமனார் போக மாட்டார். மாமனார் போகாவிட்டால் போர்டு போய்விடும். அன்று தையல்காரர் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாமனாரைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள்.

மதியம் அக்கா திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"மாமனார் எங்க?"

"கட்டிக் குடுத்துட்டேன்" என்றார் தையல்காரர், பொத்தானுக்கு நூல் கோர்த்துக்கொண்டே. "நல்ல இடம். பேக்கரி."

"கட்டையில உக்கார வெச்சீங்களா?"

ஊசியின் காது அவருக்குத் திடீரென்று தெரியாமல் போய்விட்டது.

"ஏங்க, உங்களைத்தான் கேக்குறேன்."

"ஏம்மா, அவரு ஆசையா கேட்டாரு. சந்தோஷமா வாங்கிட்டுப் போனாரு. போர்டும் தப்பிச்சுது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு மனுஷனுக்குக் கொஞ்சம் பெருசா வேணும்னு தோணக்கூடாதா? நான் தைக்கிற சட்டையில விடறதில்லையா?"

"உங்க சட்டை கொஞ்சம் பெருசா இருந்தா காத்து போகும்" என்றாள். "இது பெருசா இருந்தா என்னென்ன போகும்னு தெரியுமா?"

பதினாலு அங்குல மெஷின் ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு அவரும் பின்னால் போனார். வழியெல்லாம் யோசித்தார். இப்போது போய் அதைத் திரும்ப வாங்கினால் போர்டு போவது நிச்சயம். இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இவ்வளவு வேகமாக நடக்கிறாள்.

பேக்கரியின் பின்கட்டு குறுகலானது. ஒரு பக்கம் அடுப்பின் முதுகுச் சுவர், மறுபக்கம் அடுக்கிய விறகு. நடுவில் தாங்கியின் மேல் தொடை கனமுள்ள ஒரு கட்டை. மாமனாரைத் தூக்கிப் பிடித்தபடி பேக்கரிக்காரர் நின்றார். முகம் சிவந்திருந்தது. கை இரண்டும் நடுங்கின. பட்டை அந்தக் கட்டையைத் தாண்டி, தாங்கியையும் தாண்டி, எதிரே அடுக்கிய விறகுக்கு நாலு விரல் தூரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் முன்கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

சத்தம் அடங்கியதும் அவள் நிதானமாகப் பட்டையின் நுனியைத் தொட்டுக் காட்டினாள்.

"நீங்க பாக்குறது இந்தக் கட்டையை. இந்த மூக்கு பாக்குறது அந்தப் பக்கத்து விறகை. ஓடுறப்ப மூக்கு அதுல பட்டுச்சுன்னா, மெஷின் அப்படியே எகிறி உங்க முகத்துக்கு வரும். இந்தக் கனத்தைப் பிடிச்சு நிறுத்த உங்களால முடியுமா? இப்பவே கை ஆடுது."

பேக்கரிக்காரர் தன் கைகளைப் பார்த்தார். "காலையில ஒரு தடவை தூக்கிப் பாத்தேன் அக்கா" என்றார் மெதுவாக. "அதுக்கப்புறம் உருட்டுன பன்னெல்லாம் கோணல். ஒரு அம்மா வந்து, இது எந்த மிருகம்னு கேட்டுட்டுப் போறாங்க."

தையல்காரருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த நாலு விரல் இடைவெளியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தான் சட்டையில் விடுகிற துணியைப்போல் இரண்டு மடங்கு.

அக்கா பதினாலு அங்குலத்தைக் கொடுத்தாள். கட்டை வெண்ணெய் மாதிரி அறுபட்டு விழுந்தது. பேக்கரிக்காரர் இரண்டாவதையும், யாரும் கேட்காமலே மூன்றாவதையும் அறுத்தார். ஆனாலும் அவர் கண் மாமனார் மேலேயே இருந்தது.

"மச்சான்..." என்று இழுத்தார்.

அக்கா யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் பெருசை இரவல் தர்றேன். பெட்ரோல் இல்லாம. கையில பிடிச்சு நில்லுங்க, போட்டோகூட எடுத்துக்கங்க. மச்சான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னா, 'ஒனக்காக இதை எடுக்கணுமா?'ன்னு கேளுங்க."

பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பில் புருவத்து மாவு உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது. மச்சான் அன்று முழுக்க அதிகம் பேசவில்லையாம்.

ஏஜெண்ட் அடுத்த முறை வந்தபோது கடை நடுவில் அந்த இடம் காலியாக இருந்தது.

"போயிடுச்சா! யாரு அக்கா அந்தப் புண்ணியவான்?"

"நான்தான். வாங்கிட்டேன்."

ஏஜெண்ட் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் கூரையைப் பார்த்தார். மாமனார் அப்போது வீட்டுக் கூடத்தில், சாயம் போன ஒரு மேசை விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு எங்க அக்கா மரம்?" என்றார் ஏஜெண்ட். "வீட்டுல ஒரு ரோஜாத் தொட்டிதானே இருக்கு?"

"வித்தாச்சா இல்லையா? அதானே உங்களுக்கு வேணும்?"

போர்டு தப்பித்தது. தையல்காரருக்கு இந்தக் கணக்கு புரிந்தது. கடையைக் காப்பாற்ற வாங்கினாள், அவ்வளவுதான். சரியான ஆள் வந்தால் கொடுத்துவிடுவாள். ஆனாலும் கிண்டல் செய்யாமல் இருக்க முடியவில்லை.

"இந்தா, சட்டப்படி நீ கட்டையில உக்காரலையே. எந்தக் கட்டையில உக்காருவ?"

"பொத்தான் தைக்கிற வேலையைப் பாருங்க" என்றாள் அவள்.

மழைக்காலம் முடிவதற்குள் சரியான ஆளும் வந்தார். மரம் வெட்டுகிறவர், உயரத்துக்காக ஏணி என்று பெயர் வாங்கியவர். மருத்துவமனை முற்றத்தில் இருந்த மிகப் பழைய மரம் காற்றில் வேரோடு சாய்ந்து, வண்டிகள் போகிற வழியை அடைத்துக் கிடந்தது.

"எந்தக் கட்டையில உக்கார்றீங்க?" என்றாள் அக்கா வழக்கம்போல.

ஏணி நான்கையும் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். "நாலையும் சேத்துப் போட்டாலும் பத்தாது அக்கா. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அறுத்தாலும் என் இருபது அங்குலம் நடுவுல எட்டாது. உங்ககிட்ட ஒரு பெருசு இருக்குன்னு பேக்கரிக்காரர் சொன்னாரு. எனக்கு விலைக்கே குடுத்துடுங்க. இனிமே பெரிய மரமாத்தான் எடுக்கப் போறேன்."

தையல்காரர் அந்தப் பக்கத்துக் கடையில் தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். இதற்காகத்தானே இத்தனை வருடம். மரமும் சரி, ஆளும் சரி, கையும் சரி. அவளுடைய சட்டத்தில் ஒரு எழுத்துகூட மீறவில்லை. அவள் சரி என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"அது விக்கிறதுக்கு இல்ல" என்றாள் அக்கா. "வீட்டுல இருக்கு. எடுத்துட்டுப் போய் வேலையை முடிங்க. முடிஞ்சதும் கொண்டாந்துடுங்க. வாடகை வேண்டாம்."

"அக்கா, நான் காசு..."

"கொண்டாந்துடுங்க."

ஏணி கொண்டுவந்து கொடுத்தார். கூடவே அந்த மரத்திலிருந்து ஒரு வட்டத் துண்டையும் இரண்டு ஆள் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். அது வாசலில் ஐந்தாவது கட்டையாகக் கிடந்தது. குழந்தைகள் அதில் ஏறி விளையாடினார்கள். வாங்க வந்தவர் எவரும் அதில் உட்காரவில்லை.

ஏணி திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் அக்கா தரையில் உட்கார்ந்து மாமனாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சங்கிலியைக் கழற்றி, பட்டையின் பள்ளத்தில் ஒட்டியிருந்த மரத்தூளை ஒரு குச்சியால் நீவி எடுத்தாள். அவசரமே இல்லை. தையல்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அவருக்கு அது சரியான அளவுதானே?"

"சரியான அளவுதான்."

"பின்ன ஏன் குடுக்கல?"

அவள் சங்கிலியின் ஒரு பல்லின்மேல் கட்டைவிரலை வைத்துக் கூர் பார்த்தாள். பிறகு, கிழிந்த பழைய சட்டை ஏதாவது இருக்கிறதா, துடைக்கிற துணி தீர்ந்துவிட்டது என்று கேட்டாள். அவர் உள்ளே போய் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, ஓரத்தில் மடித்து விட்டிருந்த இரண்டு விரல் துணியையும் பிரித்துக் கொடுத்தார்.