எஸ்தர் டீச்சர் சொன்ன பத்தியம்

"டீச்சருக்கு நெஞ்சு வலி வந்துதுங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." அங்கன்வாடி உதவியாளர் லட்சுமி போனில் சொன்னபோது நான் மரக்காணம் பஸ்ஸில் இருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் உப்பளக் கிராமத்து அங்கன்வாடியை நடத்தியவர் எஸ்தர் டீச்சர். நான் அதே ஊரின் சுகாதார நர்ஸ். நான் ஊசி போட்டு அழவைத்த பிள்ளைகளை அவர் சமாதானம் செய்வார். அதனால் ஊரில் நல்ல பெயரெல்லாம் அவருக்கே போனது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

உப்பளத்தில் கூலி வேலை செய்யும் செல்வியின் கடைக்குட்டி யாழினி, ஒன்றரை வயதில் எலும்பும் தோலுமாக இருந்தாள். அவளுக்கென்று அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவை அக்காக்களும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். "மத்ததுங்க பாத்துக்கிட்டு நிக்கறப்ப ஒண்ணுக்கு மட்டும் எப்படிங்க ஊட்றது?" என்றார் செல்வி. நியாயம்தான். ஆனால் இன்னொரு காய்ச்சல் வந்தால் குழந்தை தாங்குமா என்று எனக்குப் பயம்.

"அப்ப இது மருந்துன்னு வச்சுக்க செல்வி. மருந்தை யாராவது பங்கு போடுவாங்களா?" என்றார் டீச்சர். செல்வி அன்றே மாவு டப்பாவை மாத்திரைகளுக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் எடை பார்த்தோம். கொஞ்சமும் ஏறவில்லை. விசாரித்தால், சத்துமாவை வேளை தவறாமல்தான் கொடுத்திருக்கிறார். கூடவே, மருந்து சாப்பிடும் பிள்ளையாயிற்றே என்று மீன், முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் ரசஞ்சோற்றில் பத்தியமும் வைத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டீச்சரோ விழுந்து விழுந்து சிரித்தார். "தப்பு என்னுதும்மா. மருந்துன்னு சொன்னவ பத்தியத்தையும் சொல்லியிருக்கணும் இல்ல?" என்றார். பிறகு செல்வியிடம் திரும்பினார். "இந்த மருந்துக்குப் பத்தியமே வேற. முட்டை, முள்ளெடுத்த மீனு, சோத்துல ஒரு ஸ்பூன் எண்ணெய். இதெல்லாம் சேந்தாதான் மருந்து புடிக்கும். அக்காளுங்களுக்கும் மீன் வையி, அதுங்க பார்வையும் இவ தட்டு மேல போவாது." இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இல்லை.

அதன் பிறகு மையத்தைப் பூட்டியதும் அவர் செல்வி வீட்டு வழியாகத்தான் நடந்து போவார். யாழினியின் எடை மெல்ல ஏறத் தொடங்கியது. மெலிந்த பிள்ளைகளைப் பெற்ற மற்ற தாய்மாரும் 'டீச்சர் பத்தியம்' என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

அடக்கத்துக்குச் செல்வி வந்திருந்தார். டீச்சரின் முகத்தைக் காட்டுவதற்காக யாழினியைத் தூக்கிப் பிடித்தவர், சற்று நேரத்தில் மூச்சு வாங்க இறக்கிவிட்டார்.

"ரொம்ப நேரம் வச்சிருக்க முடியலங்க. கனக்குறா," என்று என்னிடம் சொல்லிவிட்டு அழுதார்.

டீச்சர், உங்களை வழியனுப்ப இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை. போய் வாருங்கள்.