கதவைச் சாத்தாமல் இழுத்த பம்ப்

அன்று வீட்டுக்குள் இருந்தவர்கள்: நான், ஒன்பது வயதான என் மகள், என் மூத்த சகோதரியான ராத்தா, அவருடைய மகள், அவளைப் பெண் பார்க்க சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் உம்மாவும் மாமியும்.

என் மகளுக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. வாயில் வைத்து மருந்துப் பம்ப் இழுத்தால் மூச்சு சரியாகிவிடும். ஆனால் வெளியில் சொல்வதில்லை. பெண்பிள்ளைக்கு முட்டு என்று தெரிந்தால் ராத்தாவின் மகளுக்கும் சேர்த்துக் கலியாணம் தட்டிப்போகும் என்ற பயம். கதவைச் சாத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியவள் நான்தான். பள்ளிக்கூடத்துக்குப் பம்ப் போகாது. அதனால் ஓட்டம், விளையாட்டு ஒன்றும் கிடையாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். அதற்கு முந்தின கிழமை கிளினிக்கில் வீரமுனை ஊர்ப் பிள்ளை ஒருத்தியைக் கண்டேன். என் மகளின் வயது, அதே வருத்தம். பம்ப் புத்தகப் பையில் வெளியே தெரிந்தது. "விளையாடுவீங்களா?" என்று டாக்டர் கேட்க, "ஓம், வலைப்பந்து" என்றாள். அதே கேள்விக்கு என் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளையின் தாய் என்னிடம் சொன்னார்: "எங்கட ஊரிலயும் கதைக்கிற ஆக்கள் இரிக்காங்க தங்கச்சி. கதைக்கட்டும். இழுப்பு வந்தா அவங்களா மூச்சு விடுறது?"

பெண் பார்க்க வந்தவர்களுக்காக ராத்தா சாம்பிராணி போட்டிருந்தார். புகை உள்ளறை வரை வர, மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. நான் பம்பை எடுத்தேன்.

"கதவச் சாத்துங்க உம்மா" என்றாள், மூச்சுக்கு நடுவில்.

சாத்தினால் புகையும் எங்களோடு உள்ளே இருக்கும். காற்று இருந்தது முன்வாசலில் மட்டும். அங்கே போக விருந்தாளிகளைத் தாண்ட வேண்டும்.

ராத்தா எழுந்து வந்து காதுக்குள் சொன்னார்: "பின்னால கூட்டிப் போ புள்ள."

"பின்னால புரியாணி அடுப்பு எரியிது ராத்தா."

"அஞ்சி நிமிசம் பொறுக்கேலாதா?"

"நீங்க மூக்கப் பொத்திட்டுப் பொறுத்துப் பாருங்க."

மகளை விருந்தாளிகளுக்கு நடுவால் கூட்டிப்போய் முன்வாசலில் இருத்தி, எல்லோரும் பார்க்க இரண்டு தரம் இழுக்க வைத்தேன்.

"முட்டா?" என்றார் மாப்பிள்ளையின் மாமி.

"ஓம், முட்டு."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

அவர்களிடமிருந்து இன்னும் முடிவு வரவில்லை. ராத்தா என்னோடு கதைப்பதில்லை. அது நெஞ்சை அரிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் திங்கட்கிழமை வகுப்பு டீச்சரிடம் போய் மகளின் வருத்தத்தைச் சொல்லி, வலைப்பந்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டு வந்தேன். கிளினிக்கில் தந்த பம்ப் வீட்டில் இருக்கட்டும் என்று, புத்தகப் பைக்கு இன்னொன்றை பார்மசியில் வாங்கினேன். கையில் இருந்ததைக் கொடுத்தேன். பார்மசிக்கு இன்னும் கொடுக்க வேண்டியது ஆயிரத்து இருநூறு ரூபாய்.