டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது

தேயிலை வருவதற்கு முன், இலங்கை மலைகளில் கோப்பி பயிரிட்ட காலத்தில், நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவனாக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொஞ்சம் வைத்தியமும் கொஞ்சம் இங்கிலீசும் கற்றுக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் மலைக்கு வந்தவன். ஒரு மருந்து அலுமாரி, ஒரு மேசை, இரண்டு கதிரை. அதுதான் என் ராச்சியம். தோட்டத்து ஆட்கள் என்னை மருந்தையா என்று கூப்பிட்டார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கும் அவர்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. அவர்கள் பேசியதும் தமிழ்தான், நான் பேசியதும் தமிழ்தான். ஆனால் நான் அவர்களில் ஒருவன் அல்ல என்பதைத் துரை மறந்துவிடக் கூடாதே என்று எனக்கு எப்போதும் ஒரு கவலை.

கோப்பிப் பழம் பறிக்கிற கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். இருபது வயது இருக்கும். புருஷனோடும் தன் அக்காவோடும் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவள். மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தபோது அக்காவுக்கு வாந்திபேதி கண்டது. நின்றால் எல்லாருக்கும் தொற்றிவிடும் என்று, ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி சொல்லிவிட்டார். அக்காவை ஒரு மரத்தடியில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு சட்டியில் கஞ்சியை வைத்துவிட்டுக் கூட்டம் நடந்தது. விட்டு வரும்போது அவளுக்கு உயிர் இருந்தது. ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஒருவரும் பேசுவதில்லை.

எட்டு மாதம் போன பிறகு, பழம் சிவந்து தொங்குகிற காலத்தில், அந்தப் பெண் ஒருநாள் மலையில் கூடையைக் கவிழ்த்துவிட்டு அக்காவின் குரலில் பேச ஆரம்பித்தாள். "என்னெ அங்கன போட்டுட்டு எல்லாரும் இங்க வந்து சோறு திங்கிறீங்களா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டாளாம். இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை. என்னிடம் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் இல்லை. நாடியும் சரியாக இருந்தது. தூங்குவதற்கு மருந்து கொடுத்தேன். தூங்கினாள். விழித்ததும் அதே குரல்.

கோப்பிச் செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களில் ஒருவர் உடுக்கடித்துப் பேயிடம் பேசத் தெரிந்தவர். கோடாங்கி என்பார்கள். மூன்று சாயங்காலம் வேண்டும் என்றார். முதல் நாள் நான் போகவில்லை. இரண்டாம் நாள், இவர்களுடைய அறியாமையைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணத்தில்தான் லயத்து முற்றத்துக்குப் போனேன்.

அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோடாங்கி கையில் வேப்பிலைக் கொத்து. பக்கத்தில் தரையில் ஒரு சவுக்கு கிடந்தது. கடைசி வரை அதை அவர் தொடவில்லை. பெற்ற மகளிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"ஒனக்கு என்னதான் வேணும், சொல்லு தாயி."

"என்னெ விட்டுட்டு வந்தது யாரு யாருன்னு அவங்க வாயால சொல்லச் சொல்லு."

கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, "நானும்தான் தாயி விட்டுட்டு வந்தேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அப்படியே ஒவ்வொருவராக எழுந்தார்கள். புருஷன் சொல்ல முடியாமல் தரையில் விழுந்து அழுதான். கடைசியில் கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தாம்மா நடங்கன்னு சொன்னேன்" என்றார். ஒவ்வொருவர் சொல்லச் சொல்ல அவளுடைய தலை ஆட்டம் குறைந்துகொண்டே வந்ததைக் கண்ணால் பார்த்தேன். "நாளைக்குச் சேலையும் சோறும் வச்சு எனக்குக் காரியம் பண்ணுங்க. போயிர்றேன்" என்றது அந்தக் குரல். அதன் பிறகு அவள் ஒரு சட்டி கஞ்சி குடித்தாள்.

மறுநாள் காலையில் துரை சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்கள் ஆட்களுடைய பிசாசும் கப்பலேறி வந்துவிட்டதா?" அந்த 'உங்கள்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. இது காட்டுமிராண்டிகளின் வேலை என்று இங்கிலீசில் சொன்னேன். அந்தப் பெண்ணைச் சவுக்கால் அடிக்கிறார்கள், இப்படியே விட்டால் செத்துப்போவாள் என்றும் சொன்னேன். துரையின் சிரிப்பு நின்றது. உடனே கண்டிக்குக் கொண்டுபோ என்றார்.

அவளையும் புருஷனையும் கூட்டிக்கொண்டு நாவலப்பிட்டி வரை மாட்டு வண்டி. பிறகு ரயில். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேராதனை வரும் வரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்டி ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

"நீ ஆர்?"

அக்காவின் பெயரைச் சொன்னாள். டாக்டர் எழுதினார். அப்போது அவள் என் பக்கம் திரும்பி, தன் சொந்தக் குரலில் பேசினாள்.

"ஐயா, இன்னும் ஒருநாள் மட்டும் விடச் சொல்லுங்க. அக்கா போயிர்றேன்னு சொல்லிருச்சு. அதெ அனுப்பிட்டு நான் வேலைக்கு வந்துர்றேன். எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "தான் செத்துப்போன அக்கா என்கிறாள். தன்னையே அவளுக்குத் தெரியவில்லை."

அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால், 'இதை நீயும் நம்புகிறாயா?' என்று டாக்டர் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். இங்கிலீசு தெரியாத அவள் புருஷன், எல்லாவற்றையும் நான் சரியாகச் சொல்கிறேன் என்று நம்பி, கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

அவளைக் கொழும்பில் இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புருஷன் என் வாசலில் வந்து நின்றான்.

"கடுதாசி வந்துச்சாங்க, ஐயா?"

"இல்லை. வந்தால் சொல்லுவன்."

நான் அங்கே எழுதி விசாரிப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு கடிதம்கூட நான் எழுதவில்லை. மூன்றாம் நாள் காரியத்தையாவது முடித்துவிடும்படி லயத்தில் கேட்டார்களாம். "ஆளில்லாம நான் யாருகிட்ட பேசுறது?" என்று கோடாங்கி மறுத்துவிட்டார்.

பதினாறு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். முடியைக் கத்தரித்திருந்தார்கள். உடம்பு பாதியாகியிருந்தது. ஒழுங்காக வேலைக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இந்த முறை மூன்று சாயங்காலமும் யாரும் தடுக்கவில்லை. சேலை வைத்தார்கள், சோறு வைத்தார்கள், கோடாங்கி கை ஓயும் மட்டும் உடுக்கடித்தார். அவள் கண்ணீர் விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாளாம். எந்தக் குரலும் வரவில்லை. பேய் என்று ஒன்று உண்டா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அங்கே முடிய வேண்டிய ஏதோ ஒன்று முடியாமல் நின்றுவிட்டது என்பது மட்டும் தெரியும்.

ஒருநாள் காலில் புண் என்று என்னிடம் வந்தாள். கட்டுப்போட்டு முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, கண்டியில ஒருநாள் விடச் சொல்லிக் கேட்டேனே, அதெ டாக்டர் தொரைகிட்டச் சொன்னீங்களா?"

"ஓம், சொன்னனான்."

"அவருதான் ஒத்துக்கிடலையா?"

"ஓம்."

அவள் தலையாட்டினாள். "எனக்காகப் பேசினீங்களே, அது போதும். நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கொழும்புல அக்கா ஒரு வாட்டிகூட வரலைங்க. ரெண்டாவது தடவையும் அதெ எங்கயோ ஒத்தையில விட்டுட்டேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. மருந்துச் சீசாக்களைத் துடைப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த ஆண்டுகளில்தான் கோப்பி இலைகளில் விழுந்திருந்த நோய் முற்றியது. தோட்டம் பாழாகி ஆட்கள் கலைந்தார்கள். அவளும் புருஷனும் எந்தப் பக்கம் போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. கண்டிக்கு வந்து கல்யாணம் செய்து குடியேறினேன். எங்கள் மிஷன் சபைக் கூட்டம் ஒன்றில் மலைநாட்டு அனுபவங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேயோட்டுகிறவர்களிடமிருந்து ஒரு பெண்ணை நான் மீட்ட கதையைச் சொன்னேன். அவள் என் அறைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டதற்குப் பிறகுதான் இதைச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகும் பல இடங்களில், கேட்டபோதெல்லாம் சொன்னேன். என் மனைவி அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தாள். இப்போது அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்கிற அறையிலேயே நானும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.